வாசலில் நின்று பதிந்த குரல்

மனிதக் குரலைப் பின்பக்கமாக வேகமாக இழுத்தால் அது குருவிச் சத்தமாகிவிடும் என்பது எனக்குச் சிறுவயதிலேயே தெரியும். பிளேஸ்டோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் நடையில், வெளிக்கதவை ஒட்டிப் போட்டிருந்த முக்காலியின் மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் பொத்தானை அழுத்தினால், உள்ளே இருந்த விரலளவு நாடா "கீ கீ கீ" என்று பின்னுக்கு ஓடும்; பகல் முழுவதும் எங்கள் வெறும் வீட்டுக்குள் வந்து பேசிவிட்டுப் போனவர்கள் எல்லாரும் ஒரு கூட்டமாகப் பறந்து திரும்பி வருவது போலிருக்கும். பிறகு "டக்" என்று ஒரு சத்தம், அதன் பிறகு தூரத்தில் எங்கோ மழை பெய்வது போன்ற இரைச்சல், அந்த இரைச்சலுக்குள்ளிருந்து மெல்ல எழும்பி வரும் ஒரு தொண்டைச் செருமல். கதவின் மேற்பாதியில் பதித்திருந்த சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் மாலை வெயிலைப் பெட்டியின் மீது இறக்கிவிட்டிருக்க, யார் பேசப்போகிறார்கள் என்று தெரியாமல் நான் வெறுந்தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் "மெசின்" என்றுதான் பெயர். துணி துவைப்பதும் மெசின்தான், மா அரைப்பதும் மெசின்தான், ஆனால் "மெசின்ல ஆரும் இருக்கினமோ?" என்று அம்மா கேட்டால் அது இதைத்தான் குறிக்கும். மற்ற இரண்டுக்குள்ளும் யாரும் இருப்பதில்லை.

நான் நடக்கத் தொடங்கிய காலத்தில் ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தார். அம்மா சான்ட்விச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தலைமயிரை வலைத்தொப்பிக்குள் அடக்கிக்கொண்டு, காலையிலிருந்து பின்னேரம் வரை பாண் துண்டுகளுக்கு நடுவே வெள்ளரிக்காய் அடுக்கினார். மேல்மாடி அறையில் செந்தில் என்று ஒருவர் வாடகைக்கு இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கணினி வேலைக்கு வந்தவர், அம்மாவை "அக்கா" என்றும் அம்மா வைக்கும் மீன்குழம்பை "பயங்கரம்" என்றும் சொல்வார். இரண்டாவது ஒரு பாராட்டு என்று விளங்க எங்களுக்குச் சில மாதங்கள் பிடித்தன.

அந்த வருடம் எங்கள் வீடு முழுவதும் ஒரே ஆளுக்காகக் காத்திருந்தது. குகன் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, கொழும்பிலிருந்து புறப்பட்டிருந்தார். ஆட்களை எல்லை எல்லையாகக் கடத்திவிடும் மனிதரை எங்கள் வீடுகளில் "ஏஜென்சிக்காரன்" என்பார்கள். அப்படி ஒருவன் மாமாவையும் வேறு சிலரையும் கூட்டிக்கொண்டு வந்து, எங்கள் யாருக்கும் பெயர் தெரியாத ஓர் ஊரில், பனி மூடிய ஒரு வீட்டில், "இருங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். இதை மாமா ஒருமுறை அவசரமாகத் தொலைபேசி எடுத்துச் சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு சத்தமில்லை. அம்மாவுக்கு வேண்டியதெல்லாம் ஒரு தொலைபேசி எண். அது கிடைத்தால் திருப்பி எடுக்கலாம், எங்கே நிற்கிறான், குளிருக்கு உடுப்பு இருக்கிறதா, உயிரோடுதான் இருக்கிறானா என்று கேட்கலாம். கடைசிக் கேள்வியை அம்மா ஒருநாளும் வாயால் கேட்கவில்லை. ஆனால் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவர் எழுந்து ஓடிய விதத்தில் அது இருந்தது.

செந்தில் மாமா காய்ச்சலில் வேலைக்குப் போகாமல் படுத்திருந்த ஒரு நாள் பின்னேரம், அம்மா வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே படியில் இறங்கி வந்து சொன்னார்.

"அக்கா, மத்தியானம் உங்க போன் அடிச்சு அடிச்சு ஓஞ்சிருச்சு. எந்திரிச்சு வர்றதுக்குள்ள கட்டாயிருச்சு. சாரிக்கா."

அம்மா ஒரு சப்பாத்தோடு அப்படியே நின்றார். அப்பா, "குகனாத்தான் இருக்கும்" என்றார். பிறகு, "ஆரோ கார்ப்பெற் விக்கிறவனாயும் இருக்கும்" என்றார். இரண்டுமே அம்மாவுக்கு ஆறுதலாக இல்லை.

அடுத்த ஞாயிறு அப்பா அப்டன் பார்க் பக்கம் போய், கிரீன் ஸ்ட்ரீட்டில் பழைய மின்சாமான்கள் விற்கும் கடையொன்றில் மெசினை வாங்கி வந்தார். செந்தில் மாமா அதைப் பிரித்துத் துடைத்து, வயர்களைக் கொளுவி, ஒரு சிவப்பு விளக்கை எரியவைத்துக் காட்டினார். ஆள் யாரும் எடுக்காவிட்டால் மெசின் எடுக்கும். முதலில் எங்கள் குரல் கேட்கும். "பீப்" என்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகு அவர்கள் பேசுவது நாடாவில் பதியும். செய்தி இருந்தால் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். இதையெல்லாம் நாங்கள் மூவரும் அறுவைச் சிகிச்சைக்கு முன் வைத்தியர் சொல்வதைக் கேட்பது போலக் கேட்டோம்.

"அவ்ளோதான்க்கா. இந்தப் பட்டன அமுக்கிட்டே 'நாங்க இப்ப வீட்ல இல்ல, மெசேஜ் சொல்லுங்க'ன்னு சொல்லிட்டுக் கைய எடுத்துருங்க."

அம்மா பொத்தானில் வைத்த விரலை அப்போதே எடுத்துவிட்டார்.

"சீ, அப்பிடிச் சொல்லப்பிடாது."

"எப்படிக்கா?"

"வீட்டில இல்லை எண்டு."

எங்கள் வீட்டில் அரிசி ஒருநாளும் தீர்ந்ததில்லை. "அரிசி வாங்க வேணும்" என்ற நிலை மட்டுமே வந்திருக்கிறது. உப்பு "காணாது", விளக்குத் திரியை "குளிர வைக்கிறது", வாசலைத் தாண்டும்போது "போறன்" என்று யாராவது சொல்லிவிட்டால் திரும்ப வந்து, "போட்டு வாறன்" என்று திருத்திவிட்டுத்தான் போகவேண்டும். இப்படி இல்லாமைக்கு இடமே கொடுக்காமல் காத்து வந்த ஒரு வீட்டில், அந்தச் சொல்லை நாடாவில் பதிந்து வைக்கச் சொன்னார்கள்.

"ஒரு நாளைக்கு ஒருக்கால் எண்டாலும் பரவாயில்லை" என்றார் அம்மா. "வெறும் வீட்டுக்க நிண்டுகொண்டு என்ர குரல் 'நாங்கள் இல்லை, நாங்கள் இல்லை' எண்டு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறதே? அதுவும் தம்பி வழியில நிக்கேக்கை?"

"எங்கம்மாவும் வெளக்கு வச்சதுக்கப்புறம் உப்பு இல்லன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா இது மெஷின்க்கா. இதுக்கென்ன தெரியும்?"

"அதுக்குத் தெரியாது, தம்பி. கேட்டுக்கொண்டிருக்கிற தெய்வத்துக்குத் தெரியும்."

அப்பா தான் பேசிப் பதிவதாக முன்வந்தார். நெஞ்சை நிமிர்த்தி, பெற்றோல் நிலையத்து ஒலிபெருக்கியில் வாகனக்காரரை அதட்டும் அதே ஆங்கிலத்தில், இந்த நேரத்தில் பதிலளிக்க ஒருவருமில்லை என்று முழங்கினார். அம்மா அதைப் போட்டுக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "இதைக் கேட்டால் குகன், ஆரோ வெள்ளைக்காரன்ர வீட்டுக்கு எடுத்துப்போட்டன் எண்டு வைச்சிடுவான். அதோட, நீங்கள் இப்ப 'மூண்டாம் பம்பில சிகரெட்டை அணை' எண்டு சொல்லுறமாதிரி இருக்கு."

கடைசியில் அம்மாவே பதிந்தார். அதற்கு முன் அடுப்பை அணைத்தார், முகம் கழுவினார், தலையை வாரினார், பொட்டு வைத்தார். படம் எடுக்கப் போகிறவர் போல முக்காலிக்கு முன்னால் நின்று, வாசலுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பது போல மெசினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "வணக்கம், வசந்தி கதைக்கிறன். எப்பிடி இருக்கிறீங்கள்? வீட்டில எல்லாரும் சுகமோ? சொல்லுங்கோ."

அவ்வளவுதான். இல்லை என்ற சொல் அதில் எங்கும் இல்லை. செந்தில் மாமா ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த அழைப்புகளை இன்று நினைத்தாலும் எனக்கு அரைத் தூக்கத்தில் கேட்ட கதைகள் போலத்தான் இருக்கின்றன. அம்மாவின் குரல் சுகம் கேட்டது. எடுத்தவர்கள் எல்லாரும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். முதலில் பதிந்தவர் அப்டன் பார்க்கில் இருந்த ராணி அன்ரி. "ஓம் வசந்தி, நல்ல சுகம். நீர் எப்பிடி?" பிறகு நாடாவில் மழை இரைச்சல். "மகளுக்குப் பள்ளிக்கூடம் எப்பிடிப் போகுது?" இரைச்சல். "என்னப்பா, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன், நீர் பேசாமல் நிக்கிறீர்? கோவமோ?" இன்னும் கொஞ்சம் இரைச்சல். "சரி, கோவமெண்டால் வைக்கிறன்." அந்த வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில், திருநீறு வாங்கக் கையை நீட்டிக்கொண்டே ராணி அன்ரி அம்மாவிடம், "உமக்கு நான் என்ன செய்தனான்?" என்று கேட்டார். அம்மா மெசினைப் பற்றி விளக்கி முடிப்பதற்குள் பூசை முடிந்துவிட்டது.

வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, அம்மா நடையில் என்னருகே உட்கார்ந்து நாடாவைப் போடுவார். குரல்கள் கேள்வி கேட்கும். அம்மா மெசினுக்குப் பதில் சொல்வார். "நீர் எப்பிடி?" என்று மத்தியானத்தில் கேட்டதற்கு, "நல்ல சுகம், கால்தான் கொஞ்சம் வீங்கியிருக்கு" என்று பின்னேரத்தில் பதில் போகும். அப்போது அது எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் இருந்த பிள்ளைகளின் வீடுகளில் ஆட்கள் ஒரே நேரத்தில் இருந்து பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் பகலிலும் மற்றவர் மாலையிலுமாகப் பேசிக்கொண்டார்கள். அப்பாவின் ஷிப்டும் அம்மாவின் ஷிப்டும் அப்படித்தானே இருந்தன. நான் பள்ளியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, பூட்டிய வீட்டுக்குள், கண்ணாடியின் நிறங்கள் மெல்லச் சுவரில் ஏறி இறங்க, அம்மா எல்லாரையும் சுகம் விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துப் பார்ப்பேன். வெறும் வீடு என்று எதுவும் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒரு பின்னேரம் விளக்கு மின்னியது. அப்பாவும் அன்று வீட்டில் இருந்தார். அம்மா பொத்தானை அழுத்திவிட்டுத் தலைப்பின்னலை அவிழ்க்கக் கையை உயர்த்தினார். கை அப்படியே நின்றது.

"அக்கா!"

குகன் மாமாவின் குரல் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அம்மாவின் முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஓம் அக்கா, சுகமா இருக்கிறன். நீங்கள்? அத்தான்?" இரைச்சல். எங்கோ பின்னால் ஒரு கதவு அடித்துச் சாத்தும் சத்தம். "அக்கா, கேக்குதோ? நான் குகன்." இரைச்சல். "அக்கா?" அந்த இடத்தில் மாமாவின் குரல் மாறியது, தணிந்தது. "அக்கா, அழாதேங்கோ. அழாதேங்கோ அக்கா. நான் நல்லா இருக்கிறன். சாப்பாடு தாறாங்கள். சத்தியமாய். குளிர்தான், வேற ஒண்டுமில்லை. அழாதேங்கோ எண்டு சொல்லுறன் எல்லே? இஞ்ச பாருங்கோ, நீங்கள் அழுதால் எனக்கும்…"

மாமாவின் தொலைபேசி அட்டையில் காசு முடிந்துவிட்டது. "டக்."

அம்மா சுகமா என்று கேட்டுவிட்டு மௌனமானதற்கு, மாமாவுக்குத் தெரிந்த ஒரே காரணம் அழுகைதான். இருந்த சில நிமிடங்களையும் அவர், அந்த நேரத்தில் வெள்ளரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்த அக்காவைத் தேற்றுவதில் செலவழித்துவிட்டார். ஊரின் பெயர் சொல்லவில்லை. எண் சொல்லவில்லை. அம்மா அப்போதுதான், மாமா அழவேண்டாம் என்று கேட்டுக் கனநேரம் ஆன பிறகு, அழத் தொடங்கினார்.

செந்தில் மாமா இறங்கி வந்து, கடைசியாக அழைத்த எண்ணைச் சொல்லும் சேவைக்கு அடித்துப் பார்த்தார். "வெளிநாட்டு நம்பர்க்கா. சொல்ல மாட்டேங்குது." அப்பாவுக்குக் கோபம் வந்தது. கோபப்பட வேறு யாரும் அகப்படாததால் மெசின் மீது வந்தது.

"நாளைக்கே கொண்டுபோய் அவன்ர கடையில எறிஞ்சுபோட்டு வாறன்."

"மெசின்ல என்ன பிழை?" என்றார் அம்மா. "நான்தான் இருக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு இல்லாமல் போயிட்டன்."

அதை அவர் சொன்னபோது குரலில் அழுகை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா எழுந்து, "எல்லாரும் வெளியில வாங்கோ" என்றார்.

"எங்க?"

"வாசலுக்கு. செந்தில், நீரும் வாரும். அந்த நீட்டு வயரையும் கொண்டு வாரும்."

செந்தில் மாமா மேலிருந்து, "லுங்கில இருக்கேன்க்கா" என்றார். அப்பாவும் சாரத்தோடுதான் இருந்தார். அம்மா அதைக் கேட்கவே இல்லை. மெசினைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் படியில் இறங்கினார். பின்னால் வயர், வயருக்குப் பின்னால் நாங்கள். கடைசியாக வந்த செந்தில் மாமாவிடம் கதவை வயரின் மேல் மெல்லச் சாத்தச் சொன்னார். பிளேஸ்டோவின் குளிர்ந்த ஞாயிற்றுக்கிழமைத் தெருவில், ஒரு சாரமும் ஒரு லுங்கியும் காற்றில் படபடக்க, நாங்கள் நால்வரும் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வீட்டுக்க நிண்டு இல்லை எண்டு சொன்னால்தான் அபசகுனம்" என்றார் அம்மா. "இப்ப உள்ளுக்க ஆள் இல்லைத்தானே? இது உண்மை. உண்மையைச் சொல்லலாம்."

அப்போது நாயைக் கூட்டிக்கொண்டு போன பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா நின்று, திறப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டீர்களா என்று பரிவோடு கேட்டார். அப்பா, இதை எந்த மொழியில் விளக்குவது என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். அவர் போகும்வரை காத்திருந்து அம்மா பொத்தானை அழுத்தினார். ஒரு பஸ் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலாக, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"வசந்தி கதைக்கிறன். நாங்கள் இப்ப வீட்டில இல்லை. வேலைக்குப் போட்டு வந்திடுவம். இது மெசின். குகன், நீயெண்டால் முதல் நம்பரைச் சொல்லு. நான் அழேல்லை."

அந்தச் செய்தி மெசினில் எத்தனை வாரம் இருந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் கிழக்கு லண்டனில் எங்களை அறிந்த எல்லாரும் அதைக் கேட்டார்கள். எடுத்தவர்கள் குகனாக இல்லாவிட்டாலும் பணிவாக முதலில் தங்கள் எண்ணைச் சொன்னார்கள். ராணி அன்ரி மட்டும், "என்ர நம்பர் உமக்குத் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு எண்ணையும் சொன்னார். பள்ளிக்கூட அலுவலகத்துப் பெண் ஒரு வார்த்தையும் விளங்காமல், சிறிது தயங்கி, மிக மெதுவான ஆங்கிலத்தில் என் பல் வைத்தியம் பற்றிப் பேசினார். கிரீன் ஸ்ட்ரீட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, எங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் அம்மாவின் குரலைக் கேட்டுத் திரும்பி, "தங்கச்சி, தம்பி எடுத்திட்டானோ?" என்று கேட்டார். அவர் ஏதோ தவறி எங்கள் எண்ணை அழுத்தியவராம். அம்மா, "இன்னும் இல்லை, அண்ணை" என்றார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து தடங்கலின்றி வந்ததை நான் கவனித்தேன். கடைக்காரர் எடை போட்ட பிறகு மேலும் இரண்டு காயைப் பையில் போட்டார்.

மாமா எடுத்தது பனி கரைந்த பிறகு. அன்று நான் பள்ளிவிட்டு அப்பாவோடு வீட்டுக்கு வந்தபோது விளக்கு மின்னியது. அம்மா வரும்வரை அப்பா அதைத் தொடவும் இல்லை, என்னைத் தொட விடவும் இல்லை. இருவரும் நடையில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு மின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா வந்து, மேலங்கியைக் கழற்றாமல், நின்றபடியே அழுத்தினார்.

"அக்கா, நம்பர் சொல்லுறன். பூச்சியம், பூச்சியம், நாலு, ஒன்பது…"

"ஜெர்மனி!" என்று அப்பா கத்தினார். "ஜெர்மனிக்க வந்திட்டான்!"

"சத்தம் போடாதேங்கோ, நம்பர்!"

மாமா மீதி எண்களையும் சொன்னார். பள்ளிப்பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத் திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். சுகம் கேட்கவில்லை, மூச்சு விடவில்லை, யாருக்காகவும் நிற்கவில்லை. அப்பா தன் முன்னங்கையில் பேனையால் எழுதினார்.

அம்மா அழைத்தார். மறுமுனையில் யாரோ ஒரு பெண் ஜெர்மன் மொழியில் பேச, அம்மா, தான் மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்த மொழியில் ஒரு முழு வாக்கியம் பேசினார். காலடிச் சத்தம் எனக்கும் கேட்டது. நான் அம்மாவின் இடுப்போடு ஒட்டிக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு "ஹலோ".

அம்மாவால் பேச முடியவில்லை. வாயைத் திறந்தார், மூடினார், சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ஹலோ? அக்கா? அக்காதானே?" மறுமுனையில் ஒரு தயக்கம். "மெசினோ?"

அம்மா மூக்கை உறிஞ்சினார். "மெசின்தானடா" என்றார்.

அதன் பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

இன்று அம்மாவும் அப்பாவும் ஆர்ச்வேயில் இருக்கிறார்கள், கோயிலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில். அவர்கள் வீட்டில் தொலைபேசி என்று ஒன்று இல்லை. வீட்டுக்கென்று எண்ணும் இல்லை. மெசின் எப்போது குப்பைக்குப் போனது என்று இருவருக்கும் நினைவில்லை. நாடாவில் பழைய குரலின் மேலேயே புதிய குரல் பதிந்துகொண்டு போகும் என்பதால், மாமா அழவேண்டாம் என்று சொன்ன குரல், ஏதோ ஒரு வாரத்தில் கார்ப்பெற் விற்பவரின் குரலுக்கு அடியில் போயிருக்கும். பூட்டிய வீட்டுக்குள் பகலெல்லாம் குரல்கள் நடமாடிய அந்தக் காலத்தைப் பற்றி என் பிள்ளைகளிடம் சொன்னால், ஏன் அம்மம்மாவின் கைப்பேசிக்கே எடுத்திருக்கலாமே என்கிறார்கள்.

அம்மாவிடம் இப்போது ஒரு நல்ல கைப்பேசி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருவரின் பெயருக்குக் கீழே, அவர் கடைசியாக எப்போது வந்து போனார் என்று ஒரு சிறு வரி தெரியுமே, அதை வாசிக்கச் செந்தில் மாமாவோ நானோ அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை; அவரே கண்டுபிடித்துவிட்டார். காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டோர்ட்முண்டில் கடை வைத்திருக்கும் தம்பியின் பெயரைத் திறப்பார், அந்த வரியைப் பார்ப்பார், "எழும்பிட்டான்" என்பார், மூடுவார். மாலையில் இன்னொருமுறை. அவர்கள் வாய்விட்டுப் பேசி மாதக்கணக்காகியிருந்தது. கேட்டால், "ஏன், ஒவ்வொரு நாளும் பாக்கிறன்தானே" என்பார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் அங்கே இருந்தபோது அந்த வரியைக் காணவில்லை. மாமாவின் பெயர் இருந்தது, படம் இருந்தது, கீழே ஒன்றும் இல்லை. அம்மா மூடித் திறந்து பார்த்தார், கைப்பேசியை அணைத்து எரியவைத்தார், என்னிடம் நீட்டினார். நான் விளக்கத் தொடங்கும் முன்பே அதைப் பறித்து அவரை அழைத்துவிட்டார்.

"ஓம் அக்கா, சொல்லுங்கோ" என்று உடனேயே எடுத்தார் மாமா. பின்னால் கடையில் பெட்டிகள் இழுபடும் சத்தம்.

"நிக்கிறியோ?"

"நிக்கிறன். ஏன், என்ன?"

மாமாவின் மகள் அவர் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, ஊரெல்லாம் ஏன் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஏதோ மாற்றிவிட்டிருக்கிறாள். அதைக் கேட்டு அம்மா பெருமூச்சு விட்டார். வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் முழங்கால் வலியைக் கேட்டார், கடையைக் கேட்டார், மச்சாளின் சீனி வருத்தத்தைக் கேட்டார். மாமா ராணி அன்ரியைக் கேட்டார். தேத்தண்ணி ஆறி, அப்பா சாப்பிட்டு முடித்து, நான் பாத்திரம் கழுவி வைத்த பிறகும் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி அக்கா, கடைக்கு ஆக்கள் வந்திட்டினம். மகளிட்டச் சொல்லி அதைத் திரும்பப் போடச் சொல்லுறன், நீங்கள் பாக்கலாம்."

அம்மா கைப்பேசியை ஒரு காதிலிருந்து மற்றக் காதுக்கு மாற்றினார்.

"வேண்டாம்" என்றார். "அப்பிடியே கிடக்கட்டும், விடு."